போர்ஷே முகம், பீட்டில் வயிறு: நகல் ஸ்பீட்ஸ்டரில் பழுது தேடும் வழி

கலிஃபோர்னியாவில் ஓர் உதிரிபாகக் கடை. கவுன்ட்டரில் நின்று, "1957 போர்ஷே ஸ்பீட்ஸ்டர், பின் சக்கர பிரேக் டிரம் ரெண்டு வேணும்" என்று கேட்டேன். வண்டி வாங்கிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. கவுன்ட்டரில் இருந்த பெரியவர் கணினியைத் தொடவே இல்லை. கண்ணாடி வழியாக வெளியே நின்ற வண்டியை ஒரு தடவை பார்த்துவிட்டு, "அது எந்த வருஷத்து பீட்டில்?" என்றார். எனக்குத் தெரியவில்லை. வெறுங்கையோடு திரும்பினேன்.

அசல் ஸ்பீட்ஸ்டரை போர்ஷே 1954-இல் இருந்து 1958 வரை செய்தது. இன்றைக்கு அது லட்சக்கணக்கான டாலர் விலை. நம்மைப் போன்றவர்கள் ஓட்டுவது ஃபைபர்கிளாஸ் உடம்பு போட்ட நகல். அடியில் இருப்பது ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் சேசிஸ் தளம். பீட்டிலில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 2400 மி.மீ., ஸ்பீட்ஸ்டரின் மூல மாடலான போர்ஷே 356-இல் 2100. ஆகவே தளத்தின் நடுவே ஏறத்தாழ 300 மி.மீ. அறுத்து எடுத்துவிட்டு, மிச்சத்தைச் சேர்த்து வெல்டிங் வைத்திருப்பார்கள். இந்த வண்டியின் பாதி வியாதிக்குக் காரணம் அந்த 300 மி.மீ. மீதிப் பாதிக்குக் காரணம் ஃபைபர்கிளாஸ்.

நல்ல செய்தியும் உண்டு. பீட்டில் 2003 ஜூலையில் மெக்சிகோவின் புவெப்லா ஆலையில் கடைசி வண்டி இறங்கும்வரை 2 கோடியே 15 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட கார். பாகம் கிடைக்காமல் போகாது. எந்தப் பாகத்தைக் கேட்பது என்பதுதான் பிரச்சினை.

எதையும் வாங்குவதற்கு முன்னால்

என் பதிவுச் சான்றில் 1964 ஃபோக்ஸ்வாகன் என்று இருந்தது. முன் அச்சு 1966-க்குப் பிந்தியது. எஞ்சின் 1971. ஒரே வண்டிக்கு மூன்று பிறந்தநாள். உங்களுடையதும் இப்படித்தான் இருக்கும், சான்றை நம்பாதீர்கள்.

சேசிஸ் எண், இருக்கைகளுக்குப் பின்னால் கார்ப்பெட்டைத் தூக்கினால் நடு முதுகெலும்புத் தகட்டில் அடித்திருக்கும். 1965 முதல் 1969 வரை மூன்றாவது இலக்கம் மாடல் வருஷத்தைச் சொல்லும். 118 என்று தொடங்கினால் 1968 மாடல். எஞ்சின் எண் ஜெனரேட்டர் ஸ்டாண்டுக்கு நேர் கீழே. எச் என்றால் 1500 சி.சி., பி என்றால் ஒற்றைத் துளை 1600, ஏடி அல்லது ஏஇ என்றால் இரட்டைத் துளை 1600. பின்னால் குனிந்து பாருங்கள்: கியர்பாக்ஸிலிருந்து சக்கரம் வரை தடித்த குழாய் ஒன்றே போனால் ஸ்விங் ஆக்ஸில், பக்கத்துக்கு இரண்டு ரப்பர் பூட் ஆக மொத்தம் நான்கு இருந்தால் பிந்தைய சுதந்திர சஸ்பென்ஷன். முன்னால் பந்து இணைப்பு இருந்தால் அந்த அச்சு 1966 மாடலோ அதற்குப் பிந்தியதோ. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி டேஷ்போர்டு அறைக்குள் ஒட்டிவிடுங்கள்.

வாங்கி வந்த டிரம்மில் சக்கரம் உட்காரவில்லை

அமெரிக்காவுக்கு வந்த பீட்டில்களில் 1967 வரை ஐந்து போல்ட், துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம் 205 மி.மீ. 1968 மாடலிலிருந்து நான்கு போல்ட், 130 மி.மீ. நகல் கட்டுபவர்கள் பிந்தைய போர்ஷே சக்கரம் போட ஆசைப்பட்டு, ஐந்து போல்ட் 130 மி.மீ. டிரம்மும் போட்டிருப்பார்கள். ஐந்து துளையில் எதிரெதிர்த் துளை இல்லாததால் டேப்பை எங்கே வைப்பது என்று குழம்பும். பக்கத்துத் துளைகள் இரண்டின் மையத்துக்கு மையம் அளந்து பாருங்கள்: 120 மி.மீ.க்குச் சற்று மேல் வந்தால் 205 வட்டம், 76 மி.மீ. வந்தால் 130 வட்டம்.

துளை சரியாக இருந்தும் போல்ட் ஏறவில்லையா? 205 வட்டத்துக்கு ஆலை போட்டது 12 மி.மீ. போல்ட். இப்போது வரும் புது டிரம்களில் பலவற்றுக்கு மரை 14 மி.மீ. டிரம்மோடு போல்ட்டையும் சேர்த்து வாங்கிவிடுவது மேல். பின் அச்சு நட்டு 36 மி.மீ., இறுக்கம் 217 பவுண்டு-அடி. இரண்டடி ஸ்பேனரோடு போய் இடுப்பைப் பிடித்துக்கொள்ளாதீர்கள், நீளக் குழாய் ஒன்று மாட்டுங்கள்.

நெடுஞ்சாலையில் எஞ்சின் கொதிக்கிறது

முதலில் சந்தேகப்பட வேண்டியது மீட்டரை. ஆயில் வெப்பமானிக்கு எஞ்சினுக்குள் ஒரு கம்பெனி சென்சார், டேஷ்போர்டில் வேறு கம்பெனி முள் இருக்கும். சென்சாரைக் கழற்றுங்கள், வயரைக் கழற்ற வேண்டாம், அதன் உடம்பிலிருந்து எஞ்சினுக்கு ஒரு எர்த் வயர் கொடுங்கள், கொதிக்கும் தண்ணீரில் முனையை முக்குங்கள். முள் 100 டிகிரியில் நிற்க வேண்டும். 130 காட்டினால் உங்கள் எஞ்சினுக்கு ஒன்றுமில்லை. சென்சாரும் மீட்டரும் ஜோடியாக மாற வேண்டும்.

முள் உண்மை பேசுகிறது, ஆயில் 120 டிகிரியைத் தாண்டுகிறது என்றால் அடுத்து பார்க்க வேண்டியது காற்று. இந்த எஞ்சினுக்குத் தண்ணீர் இல்லை. விசிறி எஞ்சின் அறையிலிருந்து காற்றை இழுத்து, சிலிண்டர் செதில்கள் வழியாகக் கீழே தள்ளும். எஞ்சினைச் சுற்றி இருக்கும் தகடுகள் ஒரு தரை மாதிரி. மேலே குளிர்ந்த காற்று, கீழே சூடான காற்று. அசல் பீட்டிலில் அந்தத் தரைக்கும் வண்டி உடம்புக்கும் நடுவே ரப்பர் பீடிங் சுற்றி ஓடும். ஃபைபர்கிளாஸ் உடம்பின் விளிம்பு பீட்டிலின் விளிம்பு அல்ல. ரப்பர் எட்டாது. கட்டியவருக்குப் பொறுமை தீர்ந்திருந்தால் அப்படியே விட்டிருப்பார். கீழே தள்ளிய சூட்டையே விசிறி திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கக் காசு செலவில்லை. இருட்டியதும் வண்டிக்கு அடியில் ஒரு விளக்கை எரியவிட்டு, மேலே எஞ்சின் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். வெளிச்சம் எங்கெல்லாம் மேலே வருகிறதோ அங்கெல்லாம் சூடும் வருகிறது. என் வண்டியில் முன்பக்கச் சுவரோரம் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு ஒரு கோடு நீளமாக ஜொலித்தது. இதை அறியாமல் மூன்று மாதம் கார்பரேட்டரைக் குடைந்துகொண்டிருந்திருக்கிறேன்.

பீட்டிலுக்கு விற்கும் பீடிங்கை வாங்கி இழுத்துப் பிடித்து ஒட்டப் பார்க்காதீர்கள், ஒரு மாதத்தில் விழுந்துவிடும். முதலில் அட்டையில் இடைவெளியின் உருவத்தை வெட்டுங்கள். அதை வைத்து ஒன்றரை மி.மீ. அலுமினியத் தகட்டில் ஒரு பட்டை வெட்டி, எஞ்சின் தகட்டின் விளிம்போடு ரிவெட் அடித்து அதை அகலமாக்குங்கள். பீடிங்கை அந்தப் புது விளிம்பில் செருகுங்கள். எஞ்சின் ஆடும், ஆகவே தகடு ஃபைபரைத் தொடக் கூடாது. ரப்பர் மட்டும்தான் தொட வேண்டும். விரல் நுழையும் வயர் துளைகளுக்கு ரப்பர் கிராமெட் (வளையம்).

அடைத்த பிறகும் சூடு குறையவில்லை என்றால் உள்ளே வரும் காற்று போதவில்லை. ஸ்பீட்ஸ்டர் மூடியில் ஒற்றைக் கிரில்தான். அந்த அளவு காற்று சிறிய எஞ்சினுக்குச் சரி. நகல்களில் 1776, 1915 சி.சி. என்று பெரிய எஞ்சின் போடுவது வழக்கம். மூடியைக் கழற்றி வைத்துவிட்டு அதே சாலையில் அதே வேகத்தில் ஒருதரம் ஓட்டிப் பாருங்கள். ஆயில் சூடு நன்றாக இறங்கினால் விடை கிடைத்துவிட்டது: பின் சக்கர வளைவின் உட்புறமிருந்தோ மூடிக்கு அடியிலிருந்தோ கூடுதல் காற்றுவழி கொடுக்க வேண்டும்.

பழைய விசிறிக் கூடு வைத்த எஞ்சினாக இருந்தால் இன்னொன்று. 1970 வரை ஆயில் கூலர் கூட்டுக்கு உள்ளேயே மூன்றாம் சிலிண்டருக்கு மேலே உட்கார்ந்திருக்கும். அதன் வழியே சூடேறி வந்த காற்றுதான் மூன்றாம் சிலிண்டருக்குக் கிடைக்கும். 1971-இல் கூலரை வெளியே தள்ளி ஒரு தனிக் கூண்டில் வைத்தார்கள். அதை மாற்றிப் போடலாம். ஆனால் கூலரை மட்டும் வாங்கினால் எங்கேயும் உட்காராது. கூடு, அகலமான விசிறி, கூலர், அதன் அடாப்டர், சூட்டை வெளியே தள்ளும் தகட்டுக் குழாய் எல்லாம் ஒரே செட். கடைசியாகச் சொன்ன தகட்டை மறந்தவர்கள் ஏராளம். அது இல்லாவிட்டால் கூலரின் சூடு எஞ்சின் அறைக்கே வந்து சேரும்.

டைமிங்கும் டேப்பட்டும் சரியாக இருக்கின்றனவா என்று இதற்கெல்லாம் முன்பே பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். டேப்பட் (வால்வு) இடைவெளி 0.15 மி.மீ., இரவு முழுக்க ஆறிய எஞ்சினில். டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் இடைவெளி 0.4 மி.மீ. 009 டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் 3000 சுற்றுக்கு மேல் டைமிங் மொத்தம் 28 முதல் 32 டிகிரி. ஃபேன் பெல்ட்டை விரலால் அழுத்தினால் ஒன்றரை சென்டிமீட்டர் உள்வாங்க வேண்டும். தொளதொளவென்றிருந்தால் கப்பியின் இரண்டு பாதிக்கு நடுவே இருக்கும் வாஷரில் ஒன்றை எடுத்து வெளிப்பக்கம் போடுங்கள்.

இண்டிகேட்டர் போட்டால் பின் விளக்கு கண் சிமிட்டுகிறது

பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மங்குகிறது, ஹெட்லைட் போட்டால் பெட்ரோல் முள் ஆடுகிறது, ஹாரன் அடித்தால் டேஷ்போர்டு விளக்கு எரிகிறது. பேய் பிடித்த மாதிரி இருக்கும். ஸ்விட்ச் மாற்றுவார்கள், ஃபிளாஷர் மாற்றுவார்கள், வயரிங் செட்டையே மாற்றுவார்கள். பழுது எர்த்தில்.

அசல் பீட்டிலில் உடம்பே இரும்பு. விளக்கைத் திருகினாலே எர்த் கிடைத்துவிடும், தனி வயர் தேவையில்லை. நீங்கள் பீட்டிலுக்கோ 356-க்கோ வாங்கிய விளக்கும் அந்த நம்பிக்கையில் செய்யப்பட்டதே. அதில் எர்த் வயரே இருக்காது. ஃபைபரில் திருகினால் மின்சாரம் திரும்பிப் போக வழியில்லாமல், இரட்டை இழை பல்பின் மறு இழை வழியாகப் பக்கத்து விளக்கைத் தேடிப் போய் அங்கே எர்த் பிடிக்கும். அந்தக் கண்சிமிட்டல் அதுதான்.

மல்டிமீட்டரை வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனை பேட்டரியின் நெகட்டிவில், சிவப்பு முனை எரிந்துகொண்டிருக்கும் விளக்கின் உலோகக் கூட்டில். 0.2 வோல்ட்டுக்குக் கீழே வந்தால் நல்ல எர்த். ஒன்று, ஒன்றரை என்று வந்தால் அங்கே எர்த்தே இல்லை.

தீர்வு அலங்காரமில்லாதது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒன்று என மூன்று பித்தளைப் பட்டை. ஒவ்வொன்றிலிருந்தும் தடித்த வயர் சேசிஸ் தளத்துக்கு, பெயின்ட்டைச் சுரண்டி, நட்சத்திர வாஷர் போட்டு. ஒவ்வொரு விளக்கின் கூட்டிலிருந்தும் ஒரு தனி வயர் பக்கத்துப் பட்டைக்கு. விளக்குக் கூட்டில் வயர் பிடிக்க இடமில்லை என்றால் சிறு துளை போட்டு மரை வெட்டிக்கொள்ளலாம். ஈயம் வைத்துப் பிடித்தால் அதிர்வில் விட்டுவிடுகிறது.

கூடவே இதையும் பாருங்கள்: ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றுகிறது, கிளட்ச் கேபிளைத் தொட்டால் சுடுகிறது என்றால் கியர்பாக்ஸுக்கும் சேசிஸுக்கும் நடுவே இருக்க வேண்டிய பின்னல் எர்த் பட்டை இல்லை. ஸ்டார்ட்டரின் மின்சாரம் கேபிள் வழியாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது. பத்து டாலர் பட்டை. இன்றைக்கே போடுங்கள்.

டேங்க் நிறைந்திருக்கிறது, முள் காலி என்கிறது

டேங்க்குக்குள் அளவு பார்க்கும் மிதவையும் டேஷ்போர்டு மீட்டரும் வேறு வேறு குலம். ஃபோக்ஸ்வாகன் மிதவை காலிக்கு 73 ஓம், நிறைவுக்கு 10. விடிஓ கம்பெனியின் ஐரோப்பிய வகை காலிக்கு 10, நிறைவுக்கு 180. ஜெனரல் மோட்டார்ஸ் காலிக்கு 0, நிறைவுக்கு 90. அமெரிக்கப் பொதுச் சந்தை மீட்டர்கள் காலிக்கு 240, நிறைவுக்கு 33. மிதவையின் வயரைக் கழற்றி, கையால் மிதவையைத் தூக்கியும் இறக்கியும் ஓம் அளந்தால் அதன் குலம் தெரியும். மீட்டரின் குலம் அறிய, அதே வயரைச் சட்டென்று எர்த்தில் தொட்டு எடுங்கள். முள் நிறைவுக்கு ஓடினால் ஃபோக்ஸ்வாகன் வகை அல்லது 240–33. காலிக்கு ஓடினால் விடிஓ அல்லது ஜெனரல் மோட்டார்ஸ்.

டேஷ்போர்டு அழகுக்காக மீட்டரை விட்டுவிட்டு மிதவையை மாற்றுவதே என் வழக்கம்.

கிளட்ச் விடும்போது வண்டி குதிக்கிறது. இரண்டாம் கியர் கிடைக்க மறுக்கிறது

இங்கேதான் அந்த 300 மி.மீ. வருகிறது. கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், கியர் தண்டு, பெட்ரோல் குழாய் அனைத்தும் சேசிஸின் முதுகெலும்புக்குள் ஓடுகின்றன. தளத்தைக் குறைத்தவர் அனைத்தையும் குறைத்திருக்க வேண்டும்.

கிளட்ச் கேபிள் முதுகெலும்பை விட்டு வெளியே வந்ததும் கியர்பாக்ஸ் வரை வளையும் உறைக் குழாய் ஒன்றுக்குள் போகும். அந்தக் குழாய் நேராக இருக்கக் கூடாது. நடுவில் 25 முதல் 45 மி.மீ. வரை தொய்வு வேண்டும். தொய்வு இல்லாவிட்டால் எஞ்சின் ஆடும்போதெல்லாம் கேபிளை இழுத்து விடும், வண்டி குதிக்கும். கிளட்ச் தட்டை மாற்றினாலும் போகாது. குழாயின் முனைக்கும் அது உட்காரும் தாங்கிக்கும் நடுவே வாஷர்களைச் சேர்த்தால் தொய்வு கூடும். பெடலில் பிளே (சும்மா அசையும் தூரம்) 10 முதல் 20 மி.மீ.

கியர் கோளாறுக்கு முதலில் இருக்கைகளுக்குப் பின்னால் முதுகெலும்பின் மேல் இருக்கும் மூடியைத் திறந்து, கியர் தண்டைக் கியர்பாக்ஸோடு சேர்க்கும் கப்ளிங்கின் புஷ்ஷைப் பாருங்கள். மாவாக உதிர்ந்திருந்தால் அதுதான். புஷ் நன்றாக இருந்தும் ஒன்று, மூன்று கியர் விழுகிறது, இரண்டும் ரிவர்ஸும் விழவில்லை என்றால், தண்டை அறுத்து ஒட்டியபோது இரண்டு பாதியும் ஒன்றுக்கொன்று திரும்பியிருக்கலாம். கடையில் குறைத்த தண்டு என்று விற்பார்கள். அவர்கள் குறைத்த அளவும் உங்கள் தளம் குறைந்த அளவும் ஒன்றாக இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. முழு நீள பீட்டில் தண்டை வாங்குங்கள். அறுப்பதற்கு முன்னால் முனையிலிருந்து முனைவரை தண்டின் முதுகில் நேர்கோடு ஒன்றை உளியால் கீறுங்கள் (சாக்பீஸ் கோடு வெல்டிங் சூட்டில் போய்விடும், போயிருக்கிறது). நடுத்துண்டை எடுத்துவிட்டுச் சேர்க்கும்போது இரண்டு பாதியின் கீறலும் ஒரே கோட்டில் வர வேண்டும். உள்ளே இறுக்கமாக நுழையும் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகி அதன்மேல் வெல்டிங் வைத்தால் வளையாது.

ஒரு சக்கரம் மட்டும் பிரேக் விடாமல் இழுக்கிறது

வண்டியைத் தூக்கி, பிரேக் மிதித்து விட்டு, சக்கரத்தைச் சுற்றுங்கள். இறுகியிருந்தால் அந்தச் சக்கரத்தின் பிளீடர் (காற்றை வெளியேற்றும்) திருகைக் கொஞ்சம் தளர்த்துங்கள். அப்போதும் விடவில்லை என்றால் கோளாறு டிரம்முக்குள்ளேயோ கேலிப்பரிலோ. விட்டுவிட்டால் அழுத்தம் எங்கேயோ மாட்டியிருக்கிறது. மறுபடி மிதித்து இறுகவிட்டு, இந்தத் தடவை மாஸ்டர் சிலிண்டர் பக்கத்துக் குழாயைத் தளர்த்துங்கள். அங்கே திறந்ததும் சக்கரம் விட்டால் மாஸ்டர் சிலிண்டர் அல்லது அதன் தள்ளுகோல். கோலுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே 1 மி.மீ. பிளே வேண்டும். அங்கே திறந்தும் விடாமல் சக்கரத்தில் திறந்தால்தான் விடுகிறது என்றால் நடுவில் இருக்கும் ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கிவிட்டது.

ஹோஸ் வாங்கும்போது மட்டும் தயவு செய்து அவசரப்படாதீர்கள். ஃபோக்ஸ்வாகன் பிரேக் மரை 10 மி.மீ., பிட்ச் (மரைகளுக்கு இடையிலான தூரம்) 1 மி.மீ. அமெரிக்க ஹோஸ் பலவற்றில் மரை 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24. விட்டத்தில் வித்தியாசம் அரை மி.மீ.க்கும் சற்றுக் குறைவு, பிட்ச் கிட்டத்தட்ட ஒன்றே. கையால் திருகினால் உள்ளே போகும், பொருந்தியது போலவே தோன்றும். அழுத்தம் ஏறினால் பிடித்து நிற்காது. மரை அளவுகோல் ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். எஞ்சினில் 8 மி.மீ. போல்ட்டுக்குப் பதில் 5/16 அங்குல போல்ட்டைப் போட்டு அலுமினிய மரையைத் தின்றுவிடும் கதையும் இதே குடும்பம்.

ஸ்பீடோமீட்டர் கூட்டிச் சொல்கிறது, அல்லது எதுவும் சொல்லவில்லை

கேபிள் இடது முன் சக்கரத்தின் நடுத் தண்டு வழியாக வந்து கிரீஸ் மூடியின் சதுரத் துளையில் மாட்டியிருக்கும். 165/80 டயருக்கு விட்டம் 645 மி.மீ.; 195/60 போட்டால் 615. சின்ன டயர் அதிகம் சுற்றும், ஆகவே முள் 5 சதவீதம் கூட்டிச் சொல்லும். முள் செத்தே போனால், கடைசியாக பேரிங்குக்கு கிரீஸ் வைத்தவர் இடது மூடியையும் வலது மூடியையும் மாற்றிப் போட்டாரா என்று பாருங்கள். வலது மூடியில் துளை கிடையாது.

கதவிடுக்கில் மழை வருகிறது

356-க்கு விற்கும் கதவு பீடிங் உங்கள் கதவுக்குப் பொருந்தும் என்ற நினைப்பே வேண்டாம். வார்ப்பு அச்சிலிருந்து எடுத்த ஃபைபர் உடம்பில் இடது கதவிடுக்கும் வலது கதவிடுக்குமே ஒன்றாக இருப்பதில்லை. பிள்ளைகள் விளையாடும் களிமண்ணைச் சிறு உருண்டைகளாக்கி, ஒரு சாண் இடைவெளிக்கு ஒன்றாகக் கதவுச் சட்டத்தில் வையுங்கள். மேலே பாலித்தீன் தாள். கதவைச் சாத்தித் திறந்தால் ஒவ்வோர் உருண்டையும் அந்த இடத்து இடுக்கின் தடிமனுக்கு நசுங்கியிருக்கும். அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் தடிமனுள்ள உள்ளீடற்ற ரப்பர் பீடிங்தான் வேண்டியது. மேல் மூலையில் 6, கீழே 14 என்று வந்தால் இரண்டு வகை வாங்கி, மூலையில் 45 டிகிரியில் வெட்டி ஒட்டுங்கள். முதல் இரண்டு வாரம் கதவு சாத்தக் கடினமாக இருக்கும். ரப்பரைச் செதுக்காதீர்கள், அது தானாகப் படியும்.